கடைக்கால்

மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதவை உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் ஆகும். அவற்றுள் உறையுளை அமைப்போர் சுவரின் உறுதியையும், கூரையின் அமைப்பையும், வாயிலின் வேலைப்பாட்டையும் எண்ணிப் பார்ப்பர். இவை யாவற்றையும் தாங்கும் உறுப்பு ஒன்று மண்ணுள் மறைந்து கிடக்கின்றது. அதுவே கடைக்கால். அடித்தளம் எனவும் அஸ்திவாரம் எனவும் அதனை வழங்குவர்.

மாளிகைக்கு மட்டுமன்றி, தோட்டத்தில் மண்வெட்டியும் கூடையும் விதையும் வைப்பதற்கு எழுப்பும் சிறு கொட்டகைக்கும் கடைக்கால் வேண்டும். ‘சிறிய கொட்டகைதானே, வெறுந்தரையில் நிறுத்தினால் என்ன?’ என்று கருதுவோர் உளர். மழைக்காலம் ஒன்று கடந்ததும் அக்கருத்தின் பிழை புலப்படும். ஒரு மூலை தாழும், நிலை கோணும், கதவு சாத்த வாராது, ஈரமும் கரையானும் உள்ளே புகும். அடுத்த பருவத்துக்கெனச் சேமித்த விதை பூசணம் பிடித்து அழியும். ஒரு நாள் உழைப்பை மிச்சப்படுத்தியதன் பயன் ஓராண்டு விளைச்சலை இழப்பதாக முடியும்.

மண்ணின் இயல்பு

கடைக்கால் அமைப்போர் முதலில் அறிய வேண்டுவது மண்ணின் இயல்பு. பாறையும் சரளையும் பெருஞ்சுமையைத் தாங்குவன. செம்மண் நன்கு இறுகி நிற்பது. மணல், பக்கங்களில் சரிந்து ஓடாதவாறு காக்கப்படின் சுமை தாங்கும். நீர் அரித்துச் செல்லும் இடத்தில் நம்பத்தகாதது. களிமண் நீரைப் பற்றிக் கொண்டு குழையும். குப்பையும் இடிபாடும் கொட்டி மேடாக்கிய நிலம் பல்லாண்டுகள் தாழ்ந்துகொண்டே இருக்கும்.

கரிசல் மண்ணோ இவை எல்லாவற்றினும் வேறுபட்டது. அது மழையில் பருத்து எழும்பும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதன்மேல் நிற்கும் கட்டடம் ஆண்டுதோறும் உயர்ந்தும் தாழ்ந்தும் அசைக்கப்படுவதால் சுவர் பிளக்கும். இத்தகைய நிலத்துக்கு ஏற்றதாக, அடிப்பகுதி அகன்ற தூண்களை ஆழத்தில் ஊன்றும் முறையை, உரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. மழையும் வெயிலும் எட்டாத ஆழத்தில் மண் பருப்பதும் சுருங்குவதும் இல்லை என்பதே அம்முறையின் அடிப்படை. சிறு கொட்டகைக்கு அத்துணைப் பெருமுயற்சி வேண்டா. மேற்கரிசலை இயன்ற ஆழம் அகற்றி, அவ்விடத்தைச் சரளையால் நிரப்பி இறுக்குவர்.

ஆகவே, பணி தொடங்குமுன் 2 அடி ஆழத்திற்கு ஒரு குழி தோண்டிப் பார்த்தல் நலம். கடப்பாறை எளிதில் இறங்குகின்றதா, ஊற்றிய நீர் வடிகின்றதா, தேங்குகின்றதா என்பன அக்குழியே உரைக்கும் செய்திகளாம்.

இடமும் வகையும்

கொட்டகைக்கு மேட்டு நிலமே சிறந்தது. பெருமரத்தின் அருகில் அமைத்தல் கூடாது. மரத்தின் வேர் தளத்தைப் பெயர்க்கும். அன்றியும் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக் களிமண்ணைச் சுருங்கச் செய்யும்.

தாங்க வேண்டிய சுமைக்கேற்பக் கடைக்கால் வகைப்படும். ஓலை வேய்ந்த இலேசான கொட்டகைக்குத் தூண்தோறும் ஒரு கருங்கல்லைப் பதித்தலே போதும். தூணின் அடி மண்ணைத் தொடாமையால் கரையான் எளிதில் ஏறாது. மரப்பலகையாலோ தகரத்தாலோ ஆன கொட்டகைக்கு முழுத்தளம் ஏற்றது. செங்கற் சுவர் எழுப்புவதாயின், சுவர் செல்லும் வழியெங்கும் சுவரினும் அகன்ற வானம் தோண்டி, அடியை அகலமாகத் தொடங்கிப் படிப்படியாகக் குறுக்கி மேலே கொணர்தல் வேண்டும். அகன்ற அடி சுமையை மிகுந்த பரப்பில் பங்கிட்டு அளிப்பதால் மண் அழுந்துவது குறைகின்றது.

தளம் இடும் முறை

8 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ள கொட்டகை ஒன்றைக் கருதுவோம். நான்கு மூலைகளிலும் முளை அடித்து நூல் கட்டுதல் முதல் வேலை. எதிரெதிர் மூலைகளுக்கு இடையே உள்ள தொலைவுகள் இரண்டும் 10 அடியாக இருப்பின், மூலைகள் யாவும் செங்கோணங்களே. ஒன்று மிகுந்து மற்றொன்று குறைந்தால் முளையை நகர்த்தித் திருத்த வேண்டும். வகுப்பறையில் கற்கும் கணிதம் தோட்டத்தில் பயன்படும் இடம் இதுவாகும்.

அடுத்து, நூலுக்குட்பட்ட மேல்மண்ணை 6 அங்குலம் வெட்டி எடுப்பர். அதில் கலந்துள்ள வேரும் தழையும் நாளடைவில் மக்கி, தளத்தின் அடியில் வெற்றிடம் உண்டாக்கும். அம்மண் செடிகளுக்கு உரமாவது, கடைக்காலுக்கு உதவாதது. வெட்டிய பள்ளத்தில் சிறிது நீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் நன்கு இடிக்க வேண்டும். பின்னர்ச் சரளையையோ உடைந்த செங்கல்லையோ 6 அங்குலம் நிரப்புவர். முழுவதையும் ஒரே முறையில் கொட்டி இடித்தால் மேற்பகுதி மட்டுமே இறுகும். ஆதலின் இரண்டு அடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே இடித்தல் முறை.

அதன்மேல், சுற்றிலும் பலகை நிறுத்தி, 1 பங்கு சிமெண்டு, 2 பங்கு மணல், 4 பங்கு சல்லி சேர்ந்த கலவையை 4 அங்குலக் கனத்திற்கு இடுவர். நீர் மிகுந்தால் கலவை எளிதில் பரவும். ஆனால் உறுதி குன்றும். மேற்பரப்பை இரசமட்டத்தால் சோதித்துச் சமன்செய்வர். இவ்வாறு இட்ட தளம் சுற்றுத்தரையினும் 4 அங்குலம் உயர்ந்து நிற்பதால் மழைநீர் உள்ளே புகாது. காற்றில் கொட்டகை பெயராதிருக்க, கலவை இறுகுமுன் இரும்பு ஆணிகளை உரிய இடங்களில் ஊன்றுதல் வேண்டும்.

கலவை காய்வதால் உறுதி பெறுவதில்லை. சிமெண்டும் நீரும் வினைபுரிவதாலேயே உறுதி பெறுகின்றது. ஆகையால் குறைந்தது 7 நாட்கள் தளத்தை ஈரமாகவே வைத்திருத்தல் வேண்டும். சாக்கை நனைத்துப் போர்த்துவது எளிய வழி. இந்த ஏழு நாட்பொறுமை இல்லாதவன் முன்னர்ச் செய்த உழைப்பெல்லாம் பாழாகும்.

வரலாறு கூறும் சான்றுகள்

இத்தாலி நாட்டிலுள்ள பைசா நகரத்தின் மணிக்கோபுரம் 1173-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. ஏறத்தாழ 56 மீட்டர் உயர்ந்த அக்கோபுரத்தின் கடைக்கால் சுமார் 3 மீட்டர் ஆழமே உடையது. அதன் கீழே மெல்லிய களிமண் இருந்தது. மூன்றாம் நிலை எழுந்தபோதே கோபுரம் சாயலாயிற்று. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் வேலை நின்றது. அவ்விடைக்காலத்தில் களிமண் சிறிது இறுகியதாலேயே பின்னர் எழுந்த நிலைகளை அது தாங்கியது என்பர் பொறியியலார். 1990-இல் கோபுரம் விழுந்துவிடும் என்னும் அச்சத்தால் மக்கள் ஏறுவது தடுக்கப்பட்டது. உயர்ந்து நின்ற வடபுறத்தின் அடியிலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாக அகற்றிச் சாய்வைக் குறைத்தனர். 2001-இல் கோபுரம் மீண்டும் திறக்கப்பட்டது.

இங்கிலாந்திலுள்ள வின்செஸ்டர் பேராலயத்தின் வரலாறு இதனினும் வியப்புடையது. நீர் ஊறும் சதுப்பு மண்ணின்மேல் அமைந்த அதன் சுவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளந்தன. சுவரடியில் குழி தோண்டியபோது நீர் நிறைந்தது. நீரை இறைத்தால் கட்டடமே சரியும் என்று அஞ்சினர். அப்போது வில்லியம் வாக்கர் என்னும் முக்குளிப்போர் பணிக்கு வந்தார். 1906 முதல் 1911 வரை, ஒளி சிறிதும் புகாத கலங்கல் நீரில், கையால் தடவித் தடவியே சிமெண்டுக் கலவை மூட்டைகளை அடுக்கினார். அவர் அடியை அடைத்தபின் நீரை இறைத்துக் கொத்தர்கள் செங்கல் கட்டினர். பேராலயம் பிழைத்தது. கட்டியபோது மண்ணுக்கு அஞ்சாத குறையை, பல நூற்றாண்டுகள் கழித்து ஒரு மனிதர் இருளில் நின்று தீர்க்க வேண்டியதாயிற்று.

முடிவுரை

சுவரில் நேர்ந்த குறையைப் பூசி மறைக்கலாம். கூரையில் நேர்ந்ததை மாற்றி வேயலாம். கடைக்காலின் குறையைத் தீர்க்கவோ, மேலே நிற்பதனைத்தையும் தாங்கிப் பிடித்துக்கொண்டு கீழே இறங்க வேண்டும். ஆதலின் தேர்ந்த கொத்தன் காண்போர் கண்ணுக்கு எட்டாத இடத்திலேயே தன் கருத்தை மிகுதியாகச் செலுத்துகின்றான். இளமையில் கற்கும் மாணவர்க்கும் அவன் செயல் நல்லதொரு பாடமாகும்.

பயிற்சி

1. கரிசல் நிலத்தில் கட்டிய சுவர்கள் பிளப்பதன் காரணம் யாது?
2. தளத்தின் மூலைகள் செங்கோணம் என்பதை எவ்வாறு அறியலாம்?
3. புதிதாக இட்ட தளத்தை ஈரமாக வைத்திருப்பது ஏன்?
4. வில்லியம் வாக்கர் செய்த அரும்பணியை ஒரு பத்தியில் எழுதுக.