மணல் நிலத்தில் டயரின் காற்றைக் குறைப்பது எப்படி?

நமது சங்கங்களில் பல இன்று சொந்தத்தில் ஒரு ஜீப்போ சிறு சரக்கு வண்டியோ வைத்திருக்கின்றன. தார்ச்சாலை முடியும் இடத்தில்தான் அவற்றின் உண்மையான வேலை தொடங்குகிறது. திருச்செந்தூரை அடுத்த குதிரைமொழித் தேரியின் செம்மணலிலோ ஆற்றோரப் படுகையிலோ வண்டி புதைந்துவிட்டால், டிராக்டரைக் கூப்பிட்டு இழுக்கச் செய்து, அந்தக் கூலியைப் பற்றுச்சீட்டாக எழுதுவது வழக்கமாகிவிட்டது. செலவுச் சீட்டுகளைப் பார்வையிடும் கடமை உள்ளவன் என்ற முறையில், அக்கூலியில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது என்றே கருதுகிறேன். அதே சமயம், காற்றைக் குறைக்கும் வித்தையை அரைகுறையாகக் கற்றவர் இழப்பது கூலியை மட்டுமன்று. சில வேளைகளில் உயிரையும் இழக்க நேரும்.

முதலில் காரணத்தை அறிந்துகொள்வோம். ஒரு சக்கரத்தின் மேல் 400 கிலோ பாரம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். டயரில் 32 பவுண்டு காற்று (சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு என்பதையே ஓட்டுநர்கள் இவ்வாறு சுருக்கிச் சொல்கிறார்கள்) இருந்தால், தரையில் படியும் பரப்பு சுமார் 180 சதுர சென்டிமீட்டர். 20 பவுண்டாகக் குறைத்தால் அது சுமார் 285 ஆகிறது. டயரின் சுவரும் சிறிது பாரத்தைத் தாங்குவதால் கணக்குத் துல்லியமாக அமையாது. ஆயினும் போக்கு இதுவே. பரப்பு அகலத்தைவிட நீளத்திலேயே மிகுதியாகக் கூடுகிறது. பாரம் பரவுவதால் மணல் அமுங்குவது குறைகிறது. சக்கரம் தன் முன்னால் தானே எழுப்பிய மணல்மேட்டை ஏறவேண்டிய தொல்லையும் குறைகிறது.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. 1920-களிலும் 1930-களிலும் பாக்னால்டு என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி, எகிப்து, லிபியா நாடுகளின் பாலைவனத்தைச் சாதாரண ஃபோர்டு கார்களில் கடந்தபோது கையாண்ட உபாயங்களில் இதுவும் ஒன்று. மணலின் இயக்கத்தைப் பற்றி அவர் 1941-இல் வெளியிட்ட நூல் இன்றும் விஞ்ஞானிகளால் மதிக்கப்படுகிறது.

இனி ஆபத்தைப் பார்ப்போம். டயரின் உள்ளோரத்தில் எஃகுக் கம்பி பொதிந்த தடித்த விளிம்பு ஒன்று உண்டு. சாதாரணச் சக்கரத்தில் அவ்விளிம்பை ரிம்மோடு அழுத்திப் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் காற்றேயாகும். பந்தய வண்டிகளில் விளிம்பைத் திருகாணியிட்டு இறுக்கும் தனி வளையம் உண்டு; நம் வண்டிகளில் அது கிடையாது. ஆகவே காற்றை மிகக் குறைத்தபின் ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடித்தால், டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். ட்யூப் உள்ள டயரானால் வேறொரு தீங்கும் உண்டு: டயர் ரிம்மின் மேல் வழுக்கிச் சுழன்று, ட்யூபையும் உடன் இழுத்து, வால்வின் அடியைக் கிழித்துவிடும்.

எவ்வளவு குறைக்கலாம்? கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள சீட்டில் 30 முதல் 35 பவுண்டு வரை குறித்துள்ள ஜீப்புக்கு, முதலில் 25 பவுண்டாகக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். போதாதெனில் 20. சாதாரண ரிம்மில் 18-க்குக் கீழே போகவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பின்சக்கரத்துக்கு 50 பவுண்டு குறித்துள்ள சரக்கு வண்டி சுமையோடு வருமானால், கால் பங்குக்கு மேல், அதாவது 38-க்குக் கீழே, குறைக்கலாகாது. சுமையில் ஒரு பகுதியை இறக்கி இருமுறையாக எடுத்துச் செல்வதே மேல். பூட்டுவளையம் போட்ட லாரிச் சக்கரத்திலும், இரட்டைச் சக்கரத்திலும் இதைச் செய்யவே வேண்டாம். முன்னதில் வளையம் நகர்ந்து, மீண்டும் காற்றடிக்கும்போது தெறித்து ஆளைக் கொல்லக்கூடும். பின்னதில் இரு டயர்களும் உரசிச் சூடேறும்.

அளவெடுப்பதில் ஒரு நுட்பம் உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. தார்ச்சாலையில் நெடுந்தூரம் ஓடிவந்த டயர் சூடாக இருக்கும். உள்ளிருக்கும் அழுத்தமும் அதற்கேற்ப ஏறியிருக்கும். பிற்பகலில் 60 பாகை சூட்டில் 18 பவுண்டாகக் குறைத்துவிட்டு, வண்டியை இரவு தோட்டத்திலேயே நிறுத்தினால், விடியற்காலை 30 பாகைக்குக் குளிர்ந்தபோது அளவு சுமார் 15 பவுண்டே காட்டும். மாலையில் பத்திரமாக இருந்த சக்கரம் காலையில் ஆபத்தாகிவிடும். எனவே, சூடான டயரில் மூன்று பவுண்டு கூடுதலாக விட்டுவைத்து, மறுநாள் புறப்படுமுன் மீண்டும் அளந்து பாருங்கள். அளப்பதற்குக் கருவி வேண்டும். காலால் உதைத்துப் பார்ப்பது அளவாகாது.

காற்றுக் குறைந்தபின் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டலாகாது. கூர்மையாகத் திரும்புவதும், பிரேக்கை இறுக மிதிப்பதும் கூடாது. நிறுத்தும்போது வண்டியின் முகம் இறக்கத்தை நோக்கி இருக்கட்டும். டயரின் பக்கச்சுவர் வெளியே பிதுங்கியிருப்பதால், கருவேல முள்ளும், பருத்தி அறுவடைக்குப்பின் நிலத்தில் கூராக நிற்கும் தட்டைக் கட்டையும் எளிதில் குத்தும். அறுத்த வயலுக்குள் போவதானால் ஒருவர் முன்னே நடந்து வழி பார்ப்பது நல்லது.

ஈரமான கரிசலில் இம்முறை அவ்வளவாகப் பலிப்பதில்லை. களிமண் டயரின் வெட்டுகளை அடைத்து வழுவழுப்பாக்கிவிடுகிறது. அங்கே காத்திருப்பதே வழி. ஈரக் கரிசலில் வண்டி ஏறினால் மண் இறுகி, அடுத்த போகத்தின் வேருக்கும் அது தடையாகிறது. அந்த நஷ்டம் எந்தப் பற்றுச்சீட்டிலும் வருவதில்லை!

திரும்பும் வழியில் தார்ச்சாலையை அடையுமுன் பழைய அளவுக்குக் காற்றடித்தே ஆகவேண்டும். பஞ்சர் கடை பத்து மைல் தள்ளி இருக்கிறது, அதுவரை போய்விடலாம் என்று எண்ணாதீர்கள். காற்றுக் குறைந்த டயரின் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்ந்து சூடேறுகிறது. வேகம் கூடினால் உள்ளிழைகள் பிரிந்து, டயர் வெடிக்கிறது. ஆகையால் மீண்டும் காற்றடிக்க வழியில்லாதவர் காற்றைக் குறைக்கவே கூடாது. வண்டியின் பேட்டரியில் இயங்கும் சிறு காற்றுப்பம்பு ஒன்றும், அழுத்தமானி ஒன்றும் சங்கத்தின் பொதுச் செலவில் வாங்கலாம். நிர்வாகக் குழுவின் தீர்மானத்தோடு இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் தணிக்கையில் ஆட்சேபணை எழாது. வண்டியின் பயணக் குறிப்பேட்டில், குறைத்த அளவு, மீண்டும் நிரப்பிய அளவு என இரு பத்திகள் கோடிட்டு, ஓட்டுநரே கையெழுத்திட ஏற்பாடு செய்யுங்கள். வால்வின் மூடியைக் கழற்றியவுடன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். தேரி மணலில் விழுந்தால் அது கிடைக்காது.