மீன் ஈட்டியுடன் மூழ்குவோர்க்கு ஏற்ற கத்தி

சென்னைக்குத் தெற்கே கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், பனையூர், கானத்தூர், கோவளம் முதலிய கடலோர ஊர்களில் செவுள்வலைத் தொழில் நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. இக்கடலில் மூச்சடக்கி மூழ்கி ஈட்டியால் மீன் பிடிக்க விரும்புவோர், தாம்பரம், பல்லாவரம் போன்ற உள்நாட்டு ஊர்களிலிருந்து வருவோராயினும், ஈட்டிக்கு முன்னர்த் தேடவேண்டிய கருவி கத்தியே ஆகும். அதனைத் தெரிந்தெடுக்கும் முறை இங்கு விளக்கப்படுகிறது.

1. கத்தியின் முதற்பயன்

கத்தி மீனை அறுப்பதற்கே என்று பலர் எண்ணுவர். அது இரண்டாவது பயனே. முதற்பயன், வலையிலோ கயிற்றிலோ சிக்கிய உடலை விடுவித்துக்கொள்ளுதல். முற்காலத்துப் பருத்தி, சணல் வலைகள் கடலில் தவறினால் விரைவில் மட்கிவிடும். 1938-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட நைலான் இழை பின்னர் வலைத்தொழிலில் புகுந்தது. அது எளிதில் மட்குவதில்லை. தங்கூசி வலையோ கலங்கிய நீரில் கண்ணுக்குப் புலப்படுவதே அரிது. பாறையில் சிக்கிக் கைவிடப்பட்ட அத்தகைய வலையில் கால் மாட்டிக்கொண்டவனுக்கு எஞ்சியிருப்பது ஒரு மூச்சின் காலமே. அதற்குள் ஒரே கையால் எடுத்து அறுக்கத் தக்கதே நல்ல கத்தி. ஏனைய குணங்கள் யாவும் இதற்கு அடுத்தவையே.

2. அலகின் உலோகம்

கொல்லர் பட்டறையில் வண்டி வில்தகட்டைக் காய்ச்சி அடிக்கும் கத்தி மிகுந்த கூர்மை கொள்ளும். எனினும், ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புள்ள கடல்நீரில் அது விரைவில் துருவேறும். துருப்பிடிக்காத எஃகிலும் வேற்றுமை உண்டு. 316 எனப்படும் வகை துருவை நன்கு எதிர்க்கும். ஆனால் காய்ச்சித் தோய்த்தாலும் கடினப்படாதாகையால் கூர் நிலைப்பதில்லை. 420 வகை போதிய கூர் கொள்ளும். கழுவித் துடைத்தால் நெடுநாள் உழைக்கும். 440சி வகை கூரை நெடிது காக்கும். கவனமின்றேல் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். டைட்டானியம் துருப்பிடிப்பதே இல்லை. விலை அதிகம், கூர் விரைவில் மழுங்கும். புதிதாகப் பழகுவோர்க்கு 420 வகையே போதுமானது.

3. அளவும் வாயும்

அலகு 3 முதல் 4 அங்குல நீளம் இருத்தல் போதும். நீண்ட கத்தி தானே வலையில் மாட்டும். ஒருபுறம் நேர்வாயும் மறுபுறம் இரம்பப் பல்லும் அமைந்திருத்தல் நலம். நேர்வாய் தங்கூசியை அறுக்கும். பல்வாய் தடித்த கயிற்றை அறுக்கும். ஈட்டி பாய்ந்த மீனின் மூளையைக் குத்தி உடனே கொல்வதற்குக் கூர்முனை வேண்டும். அவ்வாறு கொன்று, செவுளருகே கீறி இரத்தம் வடித்து, பனிக்கட்டியில் இட்ட மீன் சுவை கெடாது. அலகின் இரும்பு கைப்பிடியின் இறுதிவரை ஓடியிருத்தல் வேண்டும்.

4. உறையும் அணியுமிடமும்

தோலுறை கடல்நீரில் நைந்துபோம். நீர் வடியத் துளையுள்ள பிளாஸ்டிக் உறையே தக்கது. கத்தி தலைகீழானாலும் விழலாகாது. பெருவிரலால் அழுத்தியவுடன் வெளிவரவும் வேண்டும். அதனைக் கெண்டைக்காலின் உட்புறத்தில் அணிதல் நன்று. வெளிப்புறத்தில் அணிந்தால் கயிறு மாட்டும். எடைக்கச்சையில் மட்டும் செருகலாகாது. ஆபத்தில் கச்சையைக் கழற்றி எறியுங்கால் கத்தியும் உடன் போய்விடும். இரு கைகளுக்கும் எட்டுகிறதா என்பதைக் கரையிலேயே கண்ணை மூடிக்கொண்டு பழகிப் பார்க்கவேண்டும்.

5. வீட்டுச் சோதனை

தங்கூசி ஒரு முழமும் நைலான் கயிறு ஒரு முழமும் கொணர்ந்து, இரண்டையும் நீரில் நனைத்து, ஒரு நுனியைத் தூணில் கட்டி, கத்தியை ஒரே கையில் பிடித்து அறுக்க. ஒன்றிரண்டு இழுப்பில் அறாத கத்தியைக் கடலுக்குக் கொண்டு செல்லாதீர்கள். பின்னர்க் கத்தியைக் கடல்நீரில் தோய்த்து, துடையாமல் ஓரிரவு வைத்தால் துருவின் தன்மை விளங்கும். ஒவ்வொரு முறை கரையேறியபின்னும் நன்னீரில் கத்தியையும் உறையையும் தனித்தனியே கழுவி உலர்த்தி, அலகில் சிறிது தேங்காயெண்ணெய் தடவி வைக்க.

6. எச்சரிக்கை

கடலில் இட்ட வலை மீனவர் ஒருவரின் பிழைப்பாகும். உயிர்காக்கத் தேவையான கண்ணிகளை மட்டும் அறுத்து, கரையேறியதும் ஊராரிடம் தெரிவித்தல் கடமை. ஜனவரி முதல் மார்ச் வரை இக்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைப் பிடித்தலும் கொல்லுதலும் குற்றமாகும். ஈட்டிக்கு அனுமதியுள்ள இடமும் இனமும் எவை என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் முன்னதாகக் கேட்டறிக.

சுருங்கக் கூறின், சிறிய அலகு, இருவகை வாய், உறுதியான உறை, இரு கைக்கும் எட்டும் இடம் ஆகிய நான்கும் பொருந்திய கத்தியே கொள்ளத்தக்கது. அதனை அணிந்திருப்பினும் தனியே மூழ்கலாகாது. ஒருவர் மூழ்குங்கால் மற்றொருவர் மேலிருந்து பார்த்திருத்தல் வேண்டும்.