குறுக்குப் பாதையும் ஓட்டுநர் மனமும்

ஒரு வாகனம் எந்தப் பாதையில் செல்லும் என்பதைத் தூரமே தீர்மானிக்கிறது என்று நாம் நினைக்கிறோம். ஓட்டுநரின் மனப்போக்கும் பழக்கமும் அதைவிட வலியவை. இதற்கு நீலகிரி மலைப் பாதைகளே தக்க சான்றாகும்.

உதகையிலிருந்து மைசூர் செல்ல இரு வழிகள் உள்ளன. ஒன்று, கூடலூர் வழியாகச் சுற்றிச் செல்வது. மற்றொன்று, தலைக்குந்தாவில் பிரிந்து, கல்லட்டிச் சரிவில் 36 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மசினகுடியை அடைவது. இரண்டும் முதுமலைக் காட்டிலுள்ள தெப்பக்காட்டில் சேர்ந்துவிடும். கல்லட்டி வழியில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் மிச்சம். ஆயினும், பாரம் ஏற்றிய மலைநாட்டு லாரிக்காரர் கூடலூர்ப் பக்கமே வண்டியைத் திருப்புவார். சமவெளியிலிருந்து வந்தவருக்கோ கல்லட்டியின் மேல்தான் ஆசை. நான்குவழிச் சாலையில் ஓட்டிப் பழகியவருக்குக் குறைந்த தூரம் என்றால் குறைந்த நேரம். கைப்பேசி வரைபடமும் அதற்கு ஒத்து ஊதுகிறது. பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணிக்கு மேல் போக்குவரத்துத் தடை இருப்பதால், அதற்குள் கடந்துவிட வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்துகொள்கிறது.

இங்கே நாம் படிக்கும் இயற்பியலைச் சற்று நினைவுகூர்வோம். தலைக்குந்தாவிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் உயரம் 1,000 மீட்டருக்கும் அதிகம். 1,000 கிலோகிராம் நிறையுள்ள கார் 1,000 மீட்டர் இறங்கினால், அது இழக்கும் நிலையாற்றல் சுமார் 98 லட்சம் ஜூல். 20 டிகிரியில் உள்ள 29 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த ஆற்றல் போதும்! வண்டியைத் தாழ்ந்த கியரில் இறக்கினால் இதில் பெரும்பகுதியை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அத்தனை வெப்பமும் பிரேக்கில் சேரும். அது மிகவும் சூடேறியதும் பிடிப்புக் குறைந்துவிடும். ஏறும் கியரிலேயே இறங்கு என்று மலை ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிவரும் பழக்கம் சமவெளியில் பெரிதாகத் தெரியாது. கல்லட்டியில் அதுவே உயிருக்கு உலை வைக்கும். பலர் வண்டியின் முன்புறம் புனித கிறிஸ்தோபர் படத்தை வைத்திருக்கிறார்கள். பயணிகளின் பாதுகாவலரிடம் பிரேக்கின் வேலையையும் ஒப்படைப்பது நியாயமா?

2018 அக்டோபரில் சென்னையிலிருந்து சுற்றுலா வந்தோரின் கார் இப்பாதையில் பள்ளத்தில் விழுந்தது. இரண்டு நாள்களுக்குப் பின்னரே அது கண்டுபிடிக்கப்பட்டது. ஐவர் இறந்தனர், இருவர் உயிருடன் மீட்கப்பட்டனர். சாலையிலிருந்து பார்த்தால் பள்ளத்தில் கிடப்பது எதுவும் தெரியாத இடம் அது. அதன்பின் வெளியூர் வண்டிகள் இவ்வழியே இறங்கக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது.

ஓட்டுநரின் விருப்பத்திற்கே இடமில்லாத ஏற்பாடும் இம்மலையில் உண்டு. மேட்டுப்பாளையம் பக்கம், கோடை நெரிசலின்போது, ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் அனுப்புவார்கள். கோத்தகிரிப் பாதை சுற்று என்று முணுமுணுப்பவர்கள் இருக்கவே செய்கிறார்கள். ஆனால் அங்கும் கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அவற்றில் எந்தக் கியரில் இறங்குவது என்பது ஓட்டுநரின் கையில்தான் இருக்கிறது.