மேக்னெட்டோ எங்கிருந்து வந்தது?

கேள்வி: பழைய டிரையம்ஃப் இரட்டை சிலிண்டர் வண்டி ஒன்றைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். அதில் பேட்டரியே இல்லாமல் பிளக்கில் தீப்பொறி வருகிறது. எப்படி? இதை முதலில் செய்தவர் யார்?

பதில்: காந்தத்துக்கு அருகே கம்பிச் சுருள் அசைந்தால் அதில் மின்சாரம் உண்டாகும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-ல் காட்டினார். மேக்னெட்டோவின் வேர் அங்கே இருக்கிறது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் சிறிய பட்டறை வைத்திருந்த ராபர்ட் போஷ், 1887-ல் ஒரே இடத்தில் நின்று ஓடும் இன்ஜினுக்காக மேக்னெட்டோ செய்து கொடுத்தார். 1897-ல் அதை ஒரு டி டியான் மூன்று சக்கர வண்டியில் பொருத்தினார். அந்தக் காலத்து மேக்னெட்டோவில் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள்ளேயே இரண்டு முனைகள் தொட்டுப் பிரியும்போது பொறி எழும். இன்ஜின் வேகமெடுத்தால் அந்த ஏற்பாடு ஈடுகொடுக்காது. போஷிடம் பணியாற்றிய காட்லோப் ஹோனோல்ட் 1902-ல் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். உங்கள் வண்டியில் இருப்பது அந்த வழியில் வந்ததுதான்.

உள்ளே ஓர் இரும்புத் துண்டின் மேல் இரண்டு சுற்றுகள் இருக்கும். அடியில் தடித்த கம்பி, அதன் மேல் தலைமுடி அளவு மெல்லிய கம்பி. இந்த ஆர்மேச்சர் காந்த முனைகளுக்கு நடுவே சுழலும்போது தடித்த கம்பியில் மின்சாரம் ஏறும். அது உச்சத்தைத் தொடும் நேரத்தில் பாயின்ட் திறந்து ஓட்டத்தை அறுக்கும். அந்த நொடியில் மெல்லிய கம்பியில் பல ஆயிரம் வோல்ட் எழுந்து, ஸ்லிப் ரிங், கார்பன் பிரஷ் வழியாகப் பிளக்குக்குப் போகும். கிக் அடிக்கும் ஓர் உதையிலேயே தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரமும் கிடைத்துவிடுகிறது.

கேள்வி: ஜெர்மனியில் பிறந்த பொருளைப் பிரிட்டிஷ்காரர்கள் எப்படித் தங்களுடையதாக்கினார்கள்?

பதில்: முதல் உலகப் போர்தான் காரணம். 1914 வரை பிரிட்டனில் ஓடிய வண்டிகளுக்குப் பெரும்பாலும் ஜெர்மன் மேக்னெட்டோதான். போர் மூண்டதும் வரவு நின்றது. லாரி, விமானம், செய்தி கொண்டுபோகும் வீரர்கள் ஓட்டிய மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் மேக்னெட்டோ வேண்டும். செய்யத் தெரிந்தவர்களோ மிகச் சிலர். பர்மிங்காமில் மேக்னெட்டோ செய்துவந்த தாம்சன்-பென்னெட் நிறுவனத்தை 1914-ல் லூகாஸ் வாங்கியது. பி.டி.எச்., எம்.எல். போன்ற நிறுவனங்களும் இந்தத் தொழிலில் நிலைபெற்றன. இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்காக ஓடிய பி.எஸ்.ஏ. எம் 20-இல், டைனமோவும் மேக்னெட்டோவும் ஒன்றாக இணைந்த லூகாஸ் மேக்டைனோ இருந்தது. போருக்குப் பிந்தைய இரட்டை சிலிண்டர் வண்டிகள் பலவற்றில் லூகாஸ் கே2எஃப் வந்தது.

கேள்வி: மேக்னெட்டோ கியரின் நட்டைக் கழற்றிவிட்டேன். கியர் அசையவில்லை. உள்ளே கீ இருக்குமா? தட்டி எடுக்கலாமா?

பதில்: தட்டவே தட்டாதீர்கள். அங்கே கீ கிடையாது. கூம்பாகச் சீவிய டேப்பர் முனையில் கியர் வெறும் பிடிமானத்தில் உட்கார்ந்திருக்கிறது. காரணத்தோடுதான் இப்படிச் செய்தார்கள். கீ இருந்தால் கியர் ஒரே இடத்தில்தான் உட்காரும். அது இல்லாததால் டைமிங்கை மயிரிழை அளவுக்குத் திருத்தி வைக்கலாம்.

உங்கள் வண்டியில், வேகம் ஏற ஏறப் பொறியைத் தானே முன்னதாக வரவைக்கும் ஆட்டோ அட்வான்ஸ் இருந்தால் வேலை சுலபம். நடு போல்ட்டைத் திருகினால் முதலில் இறுக்கம் விடும். கொஞ்சம் லேசாக வந்து, மறுபடி இறுகும். இங்கேதான் பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அந்த இரண்டாவது இறுக்கம்தான் கியரை டேப்பரிலிருந்து இழுப்பது. நிதானமாகத் திருகுங்கள், கழன்று வந்துவிடும். ஆட்டோ அட்வான்ஸ் இல்லாத, நிலையான கியர் என்றால் அதற்குரிய புல்லரை மரையில் முழுவதும் ஏற்றிய பிறகு இழுங்கள். பின்பக்கம் ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்பினால் கியர் பல்லும் கேஸின் முகமும் காயப்படும். சுத்தியல் அடி ஆர்மேச்சரின் பேரிங் வரை போய்ச் சேரும்.

பிளக் வயர் எந்தச் சிலிண்டருக்கு எது என்று குறித்துக்கொண்டு, கையால் அட்வான்ஸ் செய்யும் கேபிள் இருந்தால் அதையும் விடுவித்து, அதன் பிறகே மேக்னெட்டோவைப் பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றுங்கள்.

கேள்வி: வெளியே எடுத்ததும் நானே பிரித்துப் பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம், வரிசை தவறக்கூடாது. பக்கவாட்டில் உள்ள கார்பன் பிரஷ் பிடிகள், எர்த் பிரஷ், பாதுகாப்புப் பொறி இடைவெளிக்கான சிறிய திருகு, இவை எல்லாம் வெளியே வந்த பிறகுதான் ஆர்மேச்சரை உருவ வேண்டும். ஒன்று உள்ளே மறந்து நின்றாலும் ஸ்லிப் ரிங்கின் விளிம்பு உடைந்துவிடும். பழைய குதிரைலாட வடிவக் காந்தம் என்றால், ஆர்மேச்சர் வெளியே வரும் கையோடு இரு முனைகளுக்கும் குறுக்கே ஓர் இரும்புத் துண்டை வையுங்கள். இல்லாவிட்டால் காந்த சக்தி குறையும்.

குளிர்ந்த நிலையில் உடனே ஸ்டார்ட் ஆகி, சூடானதும் அணைந்து, ஆறும் வரை மறுபடி கிளம்ப மறுக்கும் வண்டி என்றால், ஆர்மேச்சருக்குள் இருக்கும் கண்டன்சரையோ சுருளையோ சந்தேகியுங்கள். சுருளின் மேல் பூசிய அரக்கு வெப்பத்திலும் ஈரத்திலும் காலப்போக்கில் கெட்டுவிடும். அதைச் சுற்றித் தருவது தேர்ந்த கைகளின் வேலை.

கேள்வி: திரும்ப மாட்டும்போது டைமிங் வைப்பது எப்படி?

பதில்: பாயின்ட் இடைவெளியை முதலில் 0.012 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 0.3 மி.மீ.க்கு வையுங்கள். கம்ப்ரெஷன் வீச்சில் பிஸ்டன் உச்சிக்கு எவ்வளவு முன்னால் நிற்க வேண்டும் என்பது உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும், அங்கே நிறுத்துங்கள். ஆட்டோ அட்வான்ஸின் எடைகளை முழுவதும் விரித்து ஒரு மரச்சீவலால் முட்டுக் கொடுங்கள். பாயின்டுக்கு நடுவே சிகரெட் தாளை வைத்து, அது கிழியாமல் நழுவத் தொடங்கும் இடத்தில் கியரை டேப்பரில் அமர்த்தி இறுக்குங்கள். முட்டுக் கொடுத்த சீவலை எடுத்த பிறகு கவரை மூடுங்கள்.

கேள்வி: இவ்வளவு நல்ல ஏற்பாடு ஏன் மறைந்தது?

பதில்: செலவும் வசதியும்தான் காரணம். ஆல்டர்னேட்டர், பேட்டரி, இக்னிஷன் காயில் சேர்ந்தால் விலை குறைவு. கிக் அடிக்கும் மெதுவான வேகத்திலும் பொறி வலுவாக வரும். டிரையம்ஃப் ஸ்பீட் ட்வின் 1953-ல் மேக்னெட்டோவை விட்டு அந்தப் பக்கம் போனது. மற்றவையும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன.

ஆனால் வானத்தில் அது மறையவில்லை. செஸ்னா 172 போன்ற பிஸ்டன் விமானங்களின் இன்ஜினில் இன்றும் பெரும்பாலும் இரண்டு மேக்னெட்டோக்கள் வைக்கிறார்கள். புறப்படும் முன் விமானி ஒன்றை மாற்றி ஒன்றாக அணைத்து, இன்ஜின் வேகம் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பார். மின்சாரம் மொத்தமும் செத்துப்போனாலும் இன்ஜின் நிற்கக்கூடாது என்ற இடத்தில், பேட்டரியை நம்பாத இந்தப் பழைய கருவியைத்தான் நம்புகிறார்கள்.