எலிப்பல் கற்பிக்கும் பாடம்

எலியின் வெட்டுப்பல் வாழ்நாள் முழுதும் வளர்வது. ஆகவே பற்சிப்பி உருவாகும் படிகள் அனைத்தையும் அந்த ஒரே பல்லில் அடியிலிருந்து வரிசையாக நுண்ணோக்கியில் காணலாம். முதலில் உயிரணுக்கள் அமெலோஜெனின் என்னும் புரதம் மிகுந்த மென்கூழைச் சுரக்கின்றன; அதனுள் மெல்லிய படிகங்கள் இழைகளாக நீள்கின்றன. பின்னர் நொதிகள் அப்புரதத்தைச் சிதைத்து அகற்ற, படிகங்கள் பருத்து இடத்தை நிரப்புகின்றன. முதிர்ந்த பற்சிப்பியின் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமமே.

மனிதப் பல்லிலும் இதுவே நிகழ்கிறது. குடிநீரில் ஃபுளூரைடு மிகுந்தால் புரதம் அகல்வது தடைப்பட்டு, பற்சிப்பி நுண்துளைகளோடு நின்றுவிடுகிறது. தருமபுரிப் பகுதிக் குழந்தைகள் பலரின் பற்களில் காணும் வெண்திட்டும் பழுப்புக் கறையும் இதனால் வருபவை. பல் துலக்காத குற்றமன்று. பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். பல் முளைத்தபின் அவ்வுயிரணுக்கள் எஞ்சுவதில்லை. ஆதலால் 8 வயதுக்குள் அருந்தும் நீரே கருதத்தக்கது. கொதிக்கவைத்தாலும் ஃபுளூரைடு நீங்காது.