ஓடாத புல்லட்டை வாங்கலாமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் மாமா உங்களைப் பக்கத்து ஊருக்கு அழைத்துச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு வீட்டுக் கொட்டகையில், வைக்கோலுக்கும் பழைய சாக்குகளுக்கும் இடையே, 1970-ஆம் ஆண்டில் பதிவான 350 சி.சி. புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளாக அதை யாரும் ஓட்டவில்லை. “நிறுத்தும்போது நன்றாகத்தான் ஓடியது. ஒரு பிளக் மாற்றினால் கிளம்பிவிடும்” என்கிறார் உரிமையாளர். அவர் கேட்கும் விலை 55,000 ரூபாய். மாமாவின் சேமிப்போ மொத்தம் 80,000 ரூபாய். “நீதான் பௌதிகம் படிக்கிறாயே, என்ன சொல்கிறாய்?” என்று மாமா உங்களைப் பார்க்கிறார்.

உங்கள் பதிலை நம்பி ஒருவர் தம் சேமிப்பை எடுத்துக் கொடுக்கப் போகிறார். ஆகவே ஊகத்தில் சொல்லக்கூடாது. சோதித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். எதை, எந்த வரிசையில் சோதிப்பது என்பதையே இக்கட்டுரையில் காண்போம்.

‘ஓடவில்லை’ என்றால் என்ன?

‘ஓடவில்லை’ என்பது ‘காய்ச்சல்’ என்பதைப் போன்றது. சாதாரணச் சளியாலும் காய்ச்சல் வரும். கடுமையான நோயாலும் வரும். நூறு ரூபாய்ச் சாமான் கெட்டாலும் வண்டி ஓடாது. எஞ்சினின் உட்பகுதியே பாழானாலும் ஓடாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே.

புல்லட்டின் எஞ்சின் ஓர் எளிய நான்கு வீச்சுப் பெட்ரோல் எஞ்சின். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் உருவான இந்த வண்டி, 1955 முதல் நம் சென்னையை அடுத்த திருவொற்றியூரிலும் தயாராகத் தொடங்கியது. ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. திருவொற்றியூரிலோ வார்ப்பிரும்பு உருளை கொண்ட அந்த எஞ்சின், அடிப்படை வடிவம் பெரிதும் மாறாமல், அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தொடர்ந்து தயாரிக்கப்பட்டது. அதனால்தான் இதன் உதிரிப் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. பழைய வண்டியை வாங்க நினைப்பவருக்கு இது முதல் ஆறுதல்.

இந்த எஞ்சின் ஓட மூன்று தேவை: சரியான அளவில் கலந்த பெட்ரோலும் காற்றும், அக்கலவையை இறுக்கும் அமுக்கம், உரிய நேரத்தில் ஒரு மின்பொறி. பெரும்பாலோர் முதலில் மின்பொறியைத்தான் சோதிப்பார்கள், ஏனெனில் அது எளிது. ஆனால் வாங்குபவர் தொடங்க வேண்டிய இடம் வேறு. எந்தக் குறையைப் பணம் கொடுத்தாலும் சரிசெய்ய இயலாதோ, அதை முதலில் பார்க்க வேண்டும். மலிவாகச் சரியாகும் குறைகள் கடைசியில் வரட்டும்.

முதலில் காகிதங்கள்

அப்படிப் பார்த்தால் முதல் சோதனைக்குத் திருப்புளி தேவையில்லை. பதிவுப் புத்தகமே போதும். கிராங்க் பெட்டியில் பொறித்துள்ள எஞ்சின் எண்ணும், ஹேண்டில் பார் பொருந்தும் கழுத்துப் பகுதியில் பொறித்துள்ள சட்ட எண்ணும், புத்தகத்திலுள்ள எண்களோடு ஒவ்வோர் இலக்கமாக ஒத்துப்போகின்றனவா? எண்கள் அரத்தால் தேய்க்கப்பட்டிருக்கின்றனவா? விற்பவரின் பெயர்தானா புத்தகத்தில் உள்ளது?

சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு தகுதி பார்த்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்து, மூல வடிவம் மாறாதிருக்கும் வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிந்துகொள்ள 2021-இல் மைய அரசு விதி வகுத்தது. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் பயணத்திற்கு ஓட்டக்கூடாது. மாமா தினமும் வேலைக்குச் செல்ல வண்டி தேடுகிறாரா, விழாக்களுக்கு எடுத்துச் செல்லவா என்பதை இங்கேயே கேட்டுவிடுங்கள். காகிதம் இல்லாத வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டியதுதான்.

சுழல்கிறதா?

அடுத்து, பிஸ்டன் உருளைக்குள் அசைகிறதா என்று பார்க்க வேண்டும். வண்டி நின்ற நாளில் ஏதேனும் ஒரு வால்வு திறந்த நிலையில் நின்றிருக்கலாம். அவ்வழியே பன்னிரண்டு மழைக்காலங்களின் ஈரக்காற்று உருளைக்குள் சென்று வந்திருக்கும். இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரு மடங்குக்கும் மேலாகிறது. பிஸ்டனுக்கும் உருளைக்கும் இடையிலோ மயிரிழை இடைவெளிதான். அங்கே துரு பருத்தால் பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும்.

இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்லூரி வேலையில் சேர்ந்த புதிதில் இதுபோன்ற வண்டி ஒன்றை வாங்கினேன். வாங்கிய கையோடு கிக்கரில் ஏறி முழுப்பலத்தோடு மிதித்தேன். நான்காவது மிதியில் ‘டக்’ என்று ஓர் ஒலி. ஒட்டியிருந்த வளையம் உடைந்து உருளையின் சுவரைக் கீறிவிட்டது. முந்திய நாள்தான் வகுப்பில் கணத்தாக்கு விசை பற்றிப் பாடம் நடத்தியிருந்தேன்! ஏறத்தாழ இரண்டு மாதச் சம்பளம் பழுதுபார்ப்பதில் போயிற்று.

சரியான முறை இது. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே இரண்டு மூன்று கரண்டி எஞ்சின் ஆயில் ஊற்றுங்கள். முடிந்தால் ஓர் இரவு ஊறட்டும். பிறகு வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கடைசிக் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்புங்கள். அக்கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் கிராங்க் தண்டு ஏறத்தாழ ஐந்து சுற்றுகள் சுற்றும். ஆகவே சக்கரத்தில் நாம் தரும் திருப்புத்திறன் கிராங்க் தண்டை அடையும்போது ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஒட்டிய பாகத்தை உடைக்காமல் சோதிக்க இது ஏற்றது.

அசையவில்லை என்றால், “தீ காட்டினால் விட்டுவிடும்” என்று யாராவது சொல்வார்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். பிஸ்டன் அலுமினியக் கலவை. அதன் நீள்விரிவெண் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.000023. உருளை வார்ப்பிரும்பு, நீள்விரிவெண் 0.000011. விட்டம் 70 மி.மீ. இரண்டும் 100 டிகிரி சூடேறினால் பிஸ்டன் 0.16 மி.மீ. விரியும், உருளை 0.08 மி.மீ. மட்டுமே விரியும். அதாவது சூட்டில் பிஸ்டன் மேலும் இறுகும்! சூடேறி ஆறும்போது துருவின் பிடி தளரலாம் என்பது உண்மையே. ஆனால் பெட்ரோல் இருக்கும் வண்டியின் அருகே தீயைக் கொண்டுபோவது உயிரோடு விளையாடுவதாகும். அசையாத எஞ்சினை அசையாத எஞ்சின் என்றே விலை பேசுங்கள்.

அமுக்கம் இருக்கிறதா?

சக்கரம் சுழன்றால் அடுத்த சோதனை. உருளையின் விட்டம் 70 மி.மீ., வீச்சின் நீளம் 90 மி.மீ. பிஸ்டன் கடக்கும் கன அளவு, 3.14 × 3.5 × 3.5 × 9 = 346 கன செ.மீ. இதுவே ‘350’ என்று நாம் சொல்வது. பழைய மாதிரிகளில் அமுக்க விகிதம் ஏறத்தாழ 6.5. அதாவது 409 கன செ.மீ. கலவை, தலைப்பகுதியிலுள்ள 63 கன செ.மீ. இடத்துக்குள் நெருக்கப்படுகிறது.

பாயில் விதிப்படி அழுத்தம் 6.5 வளிமண்டலமாகும். விரைவான அமுக்கத்தில் வெப்பநிலையும் ஏறுவதால் அழுத்தம் இதைவிட மிக வேண்டும். ஆனால் கிக்கரின் வேகத்தில் கசிவு அதைக் குறைத்துவிடுகிறது. எனவே 6.5 என்றே தோராயமாகக் கொள்வோம். வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்தால் 5.5. பிளக் துளையின் விட்டம் 14 மி.மீ.; பரப்பு 1.54 சதுர செ.மீ. அத்துளையைக் கட்டைவிரலால் அடைத்தால் விரல்மீது விழும் விசை ஏறத்தாழ 8.5 கிலோகிராம் எடை! நல்ல எஞ்சினில் விரல் நிற்காது. ‘புஸ்’ஸென்று காற்று தள்ளிவிடும். இச்சோதனையின்போது பற்றவைப்புச் சாவி அணைந்திருக்க வேண்டும். மெக்கானிக்கிடம் அழுத்தமானி இருந்தால் இன்னும் நல்லது.

அமுக்கம் குறைவாக இருந்தால் ஒரு கரண்டி ஆயிலைத் துளையில் விட்டு மீண்டும் சோதியுங்கள். இப்போது அமுக்கம் கூடினால், ஆயில் வளையங்களின் இடுக்கைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. குறை வளையத்திலோ உருளையிலோ உள்ளது. கூடவில்லை என்றால் வால்வுகளைச் சந்தேகிக்கலாம். கார்புரேட்டர் பக்கம் காற்று சீறினால் உறிஞ்சு வால்வு. சைலன்சர் பக்கம் சீறினால் வெளியேற்று வால்வு.

மின்பொறி, பெட்ரோல், சட்டம்

மின்பொறி வராமைக்குப் பெரும்பாலும் காரணம், காண்டாக்ட் பாயிண்ட் முனைகளில் படிந்த ஆக்சைடு. இடைவெளி சுமார் 0.38 மி.மீ. இருக்க வேண்டும். சுத்தம் செய்தாலே பல வண்டிகளில் பொறி வந்துவிடும். காயில் போயிருந்தாலும் மாற்றிவிடலாம். பொறியைச் சோதிக்கும்போது பெட்ரோல் டாங்க் தொலைவில் இருக்கட்டும். திறந்த பிளக் துளையருகே பொறி பாயக்கூடாது.

பன்னிரண்டு ஆண்டுப் பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட்டிருக்கும்; மிஞ்சியது பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைத்திருக்கும். டாங்கினுள் டார்ச் அடித்துத் துருவைப் பாருங்கள். பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். இவை எல்லாம் மலிவான குறைகள்.

சட்டம் வளைந்திருப்பது மலிவான குறையன்று. அதைச் சோதிக்க ஒரு நூல் போதும். இரு சக்கரங்களின் டயர்களும் ஒரே அகலமாக இருந்தால், பின்டயரின் பக்கவாட்டில் நூலை ஒட்டி முன்னோக்கி இழுத்துப் பிடியுங்கள். ஹேண்டில் பார் நேராக இருக்கும்போது, நூல் இரு டயர்களையும் முன்னும் பின்னுமாக நான்கு இடங்களில் தொட வேண்டும். மறுபக்கமும் அவ்வாறே. தொடாவிட்டால் சக்கரம் கோணலாகப் பூட்டப்பட்டிருக்கலாம். அல்லது வண்டி எப்போதோ மோதியிருக்கலாம். கிராங்க் பெட்டியில் விரிசலோ, பற்றவைத்த தழும்போ இருக்கிறதா என்றும் துணியால் துடைத்துப் பாருங்கள்.

இனி விலைக்கணக்கு

கீழ்வரும் எண்கள் எடுத்துக்காட்டுக்காக நாம் வைத்துக்கொண்டவை. அதே ஊரில் ஓடும் நிலையிலுள்ள இத்தகைய வண்டி 1,00,000 ரூபாய் என்போம். டயர், பேட்டரி, வயரிங், கேபிள், செயின், கார்புரேட்டர் வேலை ஆகிய நிச்சயச் செலவு 22,000. எஞ்சினைப் பிரித்து உருளையைக் கடைந்து கிராங்க் வேலையும் பார்க்க நேர்ந்தால் மேலும் 24,000. இது நேர்வதற்கு வாய்ப்புச் சரிபாதி என்போம்.

எஞ்சின் நன்றாக இருந்தால் மொத்தம் 55,000 + 22,000 = 77,000. இல்லையேல் 1,01,000. சராசரி 89,000. இலட்ச ரூபாய் வண்டிக்கு இது இலாபம்போலத் தோன்றும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நூறு வண்டி வாங்கி விற்கும் வியாபாரிக்குச் சராசரி பொருந்தும். மாமா வாங்கப்போவது ஒரே ஒரு வண்டி. அவர் கையில் இருப்பதோ 80,000. பாதி வாய்ப்பில், பணம் தீர்ந்து, பிரித்துப் போட்ட எஞ்சின் சாக்கு மூட்டையில் கிடக்கும். எனவே கேட்க வேண்டிய கேள்வி, ‘மிக மோசமான நிலை வந்தாலும் தாங்க முடியுமா?’ என்பதே. அதன்படி மாமா கொடுக்கத்தக்க விலை 80,000 − 22,000 − 24,000 = 34,000.

ஆனால் உரிமையாளர் மேலே சொன்ன சோதனைகளுக்கு இசைந்து, எஞ்சின் தடையின்றிச் சுழன்று, அமுக்கமும் நன்றாக இருந்தால்? அஞ்ச வேண்டிய தொகை 24,000-இலிருந்து, சொல்லப்போனால், 8,000 ஆகக் குறையும். அப்போது 50,000 வரை கொடுக்கலாம். வண்டி அதேதான், நம் அறியாமை குறைந்ததால் விலை 16,000 கூடியது. ஆகவே சோதிக்க விடுவது விற்பவருக்கும் நன்மையே. இதை அவரிடம் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். அவர் இசையாவிட்டால் 34,000 என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறுங்கள். மாமாவுக்கு முகம் வாடும். சேமிப்பு அவர் கையில் இருக்கும்; வேறொரு கொட்டகையில் வேறொரு வண்டியும் இருக்கும்.

செய்து பாருங்கள்

1. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து வேகமாகவும் மெதுவாகவும் அழுத்துங்கள். எப்போது பம்பு அதிகம் சூடாகிறது? ஏன்?

2. மேற்கண்ட உருளையைக் கடைந்து விட்டத்தை 71 மி.மீ. ஆக்கினால் எஞ்சினின் கன அளவு எவ்வளவாகும்?

3. மாமாவிடம் 95,000 ரூபாய் இருந்தால், சோதனை எதுவும் செய்யாத நிலையில் அவர் எவ்வளவு விலை வரை கொடுக்கலாம்? அந்த விலைக்கு வாங்குவது அறிவுடைமையா? காரணம் கூறுக.