காட்டுவதும் காப்பதும்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது பொம்மசந்திரா. முன்னர் சிற்றூராக இருந்த இவ்விடம் இன்று பெரியதொரு தொழிற்பேட்டை. தமிழக எல்லை அருகிலேயே இருப்பதால் இங்குள்ள ஆலைகளில் பணிபுரியும் தமிழர்கள் பலர். 2025 ஆகஸ்டு மாதம் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் நகரின் உட்பகுதியிலிருந்து இவ்வூர் வரை நீண்டது.

காலையில் ஆலை வாயிலை அடையும் தொழிலாளி, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் காட்டுகிறார். கருவியில் விரலைப் பதிக்கிறார். அவரது பெயரும் வந்த நேரமும் பதிவாகின்றன. ஆலைக்கு அவரைப் பற்றித் தெரியவேண்டியது அவ்வளவே. முந்தைய இரவு அவர் வீட்டில் சண்டை நடந்ததா, அவருக்குக் கடன் எவ்வளவு, அவர் எந்தத் தெய்வத்தை வணங்குகிறார் என்றெல்லாம் அந்தக் கருவி கேட்பதில்லை. ஆனால் தேநீர் இடைவேளையில் அவரே கைப்பேசியை எடுத்து, ஒருவரும் கேட்காத அந்தச் செய்திகளை ஊரறியச் செய்துவிடுகிறார்.

தன்னைப் பற்றி உலகுக்கு எவ்வளவு காட்டலாம்? எவ்வளவு காக்கவேண்டும்? ஆன்மிக வாழ்வில் அடியெடுத்து வைத்தவருக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக எழுகிறது. உண்மையே பேசவேண்டும் என்று சாத்திரங்கள் விதிக்கின்றன. அப்படியானால் எதையேனும் சொல்லாமல் வைத்திருப்பது பொய்யாகுமா? தவத்தையும் தானத்தையும் பிறர் அறியச் செய்யலாகாது என்றும் அதே சாத்திரங்கள் கூறுகின்றன. அப்படியானால் மறைப்பதுதான் உயர்ந்ததா?

மருத்துவமனையில் ஒரு மகன்

பொம்மசந்திராவின் பெயரை நாடெங்கும் அறியச் செய்தவற்றுள் ஒன்று, மருத்துவர் தேவி ஷெட்டி அங்கு நிறுவிய இதய மருத்துவமனை. தொலைதூர மாநிலங்களிலிருந்தெல்லாம் நோயாளிகள் அங்கு வருகின்றனர். எந்த மருத்துவமனையிலும் காணக்கூடிய ஒரு காட்சியை இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

தாயை இதய அறுவைச் சிகிச்சைக்காகச் சேர்த்துவிட்டு மகன் வெளியே காத்திருக்கிறான். வாழ்நாள் முழுவதும் முந்தானையை இழுத்துப் போர்த்தியே பழகிய அந்தத் தாய், மருத்துவரிடம் எதையும் மறைக்கவில்லை. வலியைச் சொன்னாள், கணவனிடம்கூடச் சொல்லாத அச்சத்தையும் சொன்னாள். மருத்துவர் அதைக் கேட்டுச் சிகிச்சைக்குப் பயன்படுத்தினார். அத்துடன் அது அங்கேயே நின்றது. சிறிது நேரத்தில், மூக்கில் குழாயுடன் தாய் படுத்திருக்கும் படத்தை மகன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இடுகிறான். பிரார்த்தனை வேண்டித்தான் இட்டான், நோக்கத்தில் குற்றமில்லை. எனினும் அவள் கண்விழிப்பதற்குள் முன்பின் அறியாதவர்களும் அந்தக் கோலத்தில் அவளைப் பார்த்துவிட்டனர்.

இருவரும் ஒரே நோயைத்தான் வெளிப்படுத்தினர். தாய் தனக்கு உரியதை, கேட்கத் தக்கவரிடம், தேவையான அளவில் வெளிப்படுத்தினாள். மகன் வெளியிட்டதோ அவனுக்கு உரியதே அல்ல. அந்த நோயும் அந்த மெலிவும் அந்த நாணமும் தாய்க்கு உரியவை. 'என் வாழ்க்கை, நான் காட்டுகிறேன்' என்று ஒருவர் கருதுவதில் பெரும்பகுதி, உண்மையில் மனைவியின் வாழ்க்கை, குழந்தையின் வாழ்க்கை, பெற்றோரின் வாழ்க்கை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. வேலை போய்விட்டதை மனைவியிடம் மறைத்து, நாள்தோறும் உணவுப் பாத்திரத்துடன் புறப்பட்டுச் சென்று பூங்காவில் அமர்ந்து திரும்பும் கணவனை எண்ணிப் பார்க்கலாம். அவன் காப்பது தன் அந்தரங்கத்தை அன்று, தன் கௌரவத்தை. அந்தச் செய்தியை அறியும் உரிமை மனைவிக்கு உண்டு. உரியவரிடம் மறைப்பதும், உரிமையில்லாதவரிடம் திறப்பதும் ஒரே அறியாமையின் இரு வடிவங்கள்.

நீதிமன்றம் காத்த கதவு

இந்தக் கேள்வியை நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை கொண்டு சென்றவர் பெங்களூரில் வாழ்ந்த ஒரு முதியவர் என்பது நினைக்கத் தக்கது. கர்நாடக உயர்நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி கே.எஸ். புட்டசாமி, 2012-ஆம் ஆண்டு, தமது 86-ஆம் வயதில், ஆதார் திட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். அந்தரங்கம் என்பது அரசியல் சாசனம் அளிக்கும் அடிப்படை உரிமைதானா என்ற ஐயம் அவ்வழக்கில் எழுந்தது. ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை ஆராய்ந்து, அது அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு செப்டம்பரில் வந்த தனித் தீர்ப்பு, ஆதார் திட்டத்தைச் சில வரம்புகளுடன் நிலைநிறுத்தியது. புட்டசாமி 2024 அக்டோபரில் தமது 98-ஆம் வயதில் காலமானார்.

அந்த உரிமை எல்லையற்றது என்று நீதிமன்றம் கூறவில்லை. அரசு அதில் தலையிட வேண்டுமானால், அதற்குச் சட்டத்தின் ஆதாரம் வேண்டும்; நியாயமான நோக்கம் வேண்டும்; தலையிடும் அளவு நோக்கத்தை விஞ்சக்கூடாது என்று வரையறுத்தது. அரசுக்கு விதித்த இந்த அளவுகோலை மனிதன் தனக்கே விதித்துக்கொண்டால் அதுவே ஒரு சாதனையாகும். நோக்கம் என்ன? அந்த நோக்கத்துக்கு இவ்வளவு வெளிப்படுத்துவது தேவையா?

சட்டம் வெளியிலிருந்து நுழைபவரைத் தடுக்கும். உள்ளே இருப்பவரே கதவைத் திறந்து வைத்துவிட்டால் எந்தத் தீர்ப்பும் காக்க இயலாது. அங்கு தேவைப்படுவது விவேகம்.

ஒரே பட்டியலில் இரு குணங்கள்

ஸ்ரீமத் பகவத்கீதையின் 16-ஆம் அத்தியாயத் தொடக்கத்தில் தெய்விகச் செல்வங்கள் வரிசையாகக் கூறப்படுகின்றன. அவற்றுள் 'ஆர்ஜவம்' ஒன்று. நேர்மை, கோணலின்மை, உள்ளும் புறமும் ஒன்றாக இருத்தல் என்பது அதன் பொருள். அதே வரிசையில் 'ஹ்ரீ' என்பதும் இடம்பெறுகிறது. அதன் பொருள் நாணம். திறந்த மனமும் நாணமும் ஒன்றுக்கொன்று பகையானவை என்றால் இரண்டையும் பகவான் ஒரே மாலையில் கோத்திருக்கமாட்டார். பிறர் குறைகளைப் புறத்தே பேசாதிருத்தலாகிய 'அபைசுனம்' என்பதும் அங்கேயே வருகிறது. ஆகவே பிறருடைய அந்தரங்கத்தைக் காப்பதும் தெய்விக குணமே.

இதே அத்தியாயம் அசுர குணங்களைக் கூறப் புகும்போது முதலில் வைப்பது 'தம்பம்' என்பதை. இல்லாததை இருப்பதாகக் காட்டுவதும், இருப்பதைப் புகழுக்காகப் பறைசாற்றுவதும் தம்பமே. ஆர்ஜவம், ஹ்ரீ, தம்பம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தெளிவு பிறக்கிறது. வேறொரு முகத்தை அணிந்துகொள்ளும் மறைப்பு ஆர்ஜவத்துக்கு விரோதமானது. தன் முகத்தின்மீது திரையிட்டுக்கொள்வது அப்படிப்பட்டதன்று. திரைக்குப் பின்னால் இருப்பதும் அதே முகந்தான். அந்தத் திரையைப் பாராட்டுக்காக விலக்குவது தம்பம்.

'நான் எதையும் மறைக்காதவன்' என்று பெருமையுடன் சொல்லித் திரிபவரிடமும் தம்பம் குடியிருக்கக்கூடும். தன் குறைகளையே காட்சிப் பொருளாக்கி, அதற்கும் பாராட்டு எதிர்பார்ப்பது மனத்தின் நுண்ணிய தந்திரங்களுள் ஒன்று.

மூவர் காட்டிய வழி

1884-ஆம் ஆண்டு தந்தை திடீரெனக் காலமானபோது, பின்னாளில் சுவாமி விவேகானந்தராக விளங்கிய நரேந்திரரின் குடும்பம் வறுமையில் ஆழ்ந்தது. வீட்டில் போதிய உணவு இல்லை என்று கண்ட நாட்களில், தமக்கு வெளியே விருந்து இருப்பதாகத் தாயாரிடம் கூறிவிட்டுச் சென்று பட்டினி கிடந்தார். செல்வந்த நண்பர்கள் பாட அழைத்தபோதும் தம் நிலையை வெளிக்காட்டிக்கொள்ளவில்லை. பிறர் பசியாற வேண்டும் என்பதற்காகத் தம் பசியை மறைத்தார். ஆயினும் அந்தச் சுமையை எவரிடமும் இறக்கிவைக்காமல் இருந்தார் என்பதற்கில்லை. தட்சிணேசுவரத்தில் ஸ்ரீ ராமகிருஷ்ணரிடம் சென்று குடும்பத்தின் துயரை மனம் திறந்து கூறினார். உலகம் முழுவதற்கும் மூடியிருந்த கதவு குருவுக்குத் திறந்தது.

ஸ்ரீ ராமகிருஷ்ணரின் உரையாடல்களை நாளும் இடமும் குறித்துப் பதிவு செய்து, 'கதாமிருதம்' என்ற பெயரில் 1902 முதல் 1932 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்டவர் மகேந்திரநாத் குப்தர். நூலில் தம் பெயரை 'ம' என்ற ஓரெழுத்தாகச் சுருக்கிக்கொண்டார். காட்சிகளில் வேறு பெயர்களுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். குருதேவரின் சொற்களில் எதையும் மறைக்கவில்லை; தம்மைத்தான் மறைத்துக்கொண்டார்.

இதற்கு மறுபுறம் நிற்பவர் மகாத்மா காந்தி. 1925 முதல் 1929 வரை 'நவஜீவன்' இதழில் அவர் எழுதிய சத்திய சோதனை, இளமைத் திருட்டையும் தந்தையின் மரண நேரத்தில் தமக்கு நேர்ந்த வெட்கத்தையும் வெளிப்படையாகக் கூறுகிறது. தம் தவறுகள் பிறருக்குப் பாடமாக வேண்டும் என்பதே அதன் நோக்கம். அத்தகையவரும் அந்நூலின் முன்னுரையில், தமக்கும் தம்மைப் படைத்தவனுக்கும் மட்டுமே தெரிந்த சில உண்டு என்றும், அவற்றைப் பிறருக்கு எடுத்துரைக்க இயலாது என்றும் ஒப்புக்கொள்கிறார்.

ஒருவர் மறைத்தார், ஒருவர் ஒதுங்கினார், ஒருவர் திறந்தார். மூவரிடமும் தம்பம் இல்லை. எவ்வளவு காட்டினார்கள் என்ற அளவு மூவரிடமும் வேறுபடுகிறது; பிறர் நலமே கருதினார்கள் என்பதில் மூவரும் ஒன்றுபடுகின்றனர்.

பசவனகுடியில் மௌனம்

பொம்மசந்திரா வரை வரும் மஞ்சள் தடத்தின் மறுமுனை ஆர்.வி. சாலை நிலையம். அங்கிருந்து சிறிது தொலைவில் பசவனகுடியில் ஸ்ரீ ராமகிருஷ்ண ஆசிரமம் உள்ளது. 1911-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அன்னை ஸ்ரீ சாரதாதேவியார் அங்கு எழுந்தருளினார். தட்சிணேசுவரத்தின் நகபத் என்ற சிறு அறையில், அருகில் இருப்பவர்களும் அறியாதபடி ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர் அன்னை. முக்காடு இல்லாமல் அவரைக் கண்டவர்கள் மிகச் சிலரே.

ஒருநாள் அன்னை வெளியே சென்று திரும்பியபோது ஆசிரம வளாகம் மக்களால் நிறைந்திருந்தது. அனைவரும் ஒருசேர வீழ்ந்து வணங்கினர். அன்னை வண்டியிலிருந்து இறங்கி, ஆசி வழங்கும் கரத்துடன் சில நிமிடங்கள் அசையாமல் நின்றார். பின்னர் உள்ளே சென்று மௌனமாக அமர்ந்தார். இவர்களுடைய மொழி தெரிந்திருந்தால் சில வார்த்தைகள் பேசியிருக்கலாமே என்று அவர் மெல்லக் கூறியதை மொழிபெயர்த்தபோது, இந்த மௌனமே தங்கள் உள்ளத்தை நிறைத்துவிட்டது என்று பக்தர்கள் பதிலளித்தனர்.

தம்மைப் பற்றி அன்னை அங்கு எதுவும் கூறவில்லை. ஆயினும் கூடியிருந்தவர்கள் தாயை அறிந்துகொண்டனர். உள்ளே நிறைவு இருக்குமானால், அது சொல்லாமலே பிறரைச் சென்றடைகிறது.

சாட்சிக்குச் சாட்சி வேண்டுமா?

காட்டவேண்டும் என்ற ஆசை எங்கிருந்து எழுகிறது? பிறர் பார்த்தால்தான் நான் இருக்கிறேன் என்ற மயக்கத்திலிருந்து. மறைக்கவேண்டும் என்ற அச்சம் எங்கிருந்து எழுகிறது? பிறர் அறிந்தால் நான் அழிந்துவிடுவேன் என்ற மயக்கத்திலிருந்து. இரண்டும் உடலையும் மனத்தையும் 'நான்' என்று கொண்டதன் விளைவு. காணப்படுவது வேறு, காண்பவன் வேறு என்று வேதாந்தம் பிரித்துக் காட்டுகிறது. உடல், உணர்ச்சி, நினைவு, வெற்றி, வெட்கம் யாவும் காணப்படுபவை. அவற்றுள் சிலவற்றைக் காட்டலாம், சிலவற்றைக் காக்கலாம். காண்பவனாகிய ஆன்மாவையோ எவரும் படம் பிடிக்க இயலாது. எவரும் பறிக்கவும் இயலாது. எல்லாவற்றுக்கும் சாட்சியாக நிற்பதற்கு இன்னொரு சாட்சி தேவையில்லை.

இந்த உணர்வு ஊன்றும் வரை சாதகர் மூன்று கேள்விகளைத் துணையாகக் கொள்ளலாம். ஒன்றை வெளியிடுமுன், 'இது யாருக்கு உரியது?' என்று கேட்கவேண்டும். பிறருக்கு உரியதானால் அவர்களது சம்மதமின்றி அதைத் தொடலாகாது. இரண்டாவது, 'யாரிடம் கூறுகிறேன்?' நோயை மருத்துவரிடமும், மனப் போராட்டத்தைக் குருவிடமும், குடும்பச் சுமையைக் குடும்பத்தாரிடமும் மறைக்கலாகாது. மூன்றாவது, 'எதற்காகக் கூறுகிறேன்?' பிறருக்கு நன்மை விளையுமானால் குறையையும் கூறலாம். புகழே பயனென்றால் நிறையையும் கூறாதிருப்பதே நன்று.

இம்மூன்றுக்கும் மேலாக, இரவில் உறங்குமுன் சிறிது நேரம் இறைவன் திருமுன் அமரவேண்டும். அங்கு திரை எதுவும் தேவையில்லை. பகலில் காட்டியது, மறைத்தது, காட்ட விரும்பியது அனைத்தையும் அவன்முன் வைத்துவிடலாம். நாள்தோறும் அங்கு முழுவதும் திறந்துவிடும் மனத்துக்கு, உலகின்முன் தன்னைப் பரப்பிக்காட்டும் தவிப்பு மெல்ல மெல்ல அடங்கும். உரியவரிடம் உண்மையைச் சொல்லும் துணிவும் அங்கேயே பிறக்கும்.